வைக்கோல் பெட்டி

எங்கள் ஊரில் வயல் கிடையாது. குளச்சலுக்குப் பக்கத்தில், கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். வீடுகளுக்கு நடுவே கோயில். கோயிலைத் தாண்டினால் மணல். ஒரு மாட்டைக் கட்டக்கூட இடமில்லாத ஊர். ஆனாலும் நவம்பர் கடைசியில், ஆகமன காலத்து முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக்கு ஒரு சிறு கட்டு வைக்கோல் தவறாமல் வந்து சேரும். பாட்டியின் கடவத்தில் வரும்.

பாட்டி மீன் விற்றவள். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கடவத்தில் நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு, திங்கள்சந்தை, இரணியல் பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போவாள். அங்கே அவளுக்கு வாடிக்கை வீடுகள் இருந்தன. அதில் ஒன்று விவசாயக் குடும்பம். முற்றத்தில் கன்னிப்பூ அறுத்துப் போட்ட வைக்கோல் படப்பு நிற்கும். அந்த வீட்டு அம்மா கோயிலுக்கு விளக்கு வைக்கிறவர்; எங்கள் பெருநாளைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நவம்பர் கடைசியில் பாட்டியைக் கண்டதும், “பிள்ளைக்கு மெத்தை போட நாளாயிற்றோ?” என்று கேட்டுவிட்டு, படப்பிலிருந்து உருவிக் கொடுப்பாராம். காசு வாங்கமாட்டார். பாட்டியும் சும்மா வரமாட்டாள். நாலு சாளை கூடப் போட்டுவிட்டுத்தான் வருவாள். மீன் வாசம் ஏறிய அந்த வைக்கோலை நான் மூக்கில் வைத்து மோந்து பார்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாசம் என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான்.

வீட்டில் சுரூபம் வைத்த தட்டுக்குக் கீழே ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. பலகைப் பெட்டி, மூடி கிடையாது. அதை வெறுமையாக வைத்துவிட்டு, பக்கத்தில் வைக்கோல் கட்டைப் போடுவாள் பாட்டி. அன்றிலிருந்து டிசம்பர் 24-ஆம் தேதி ராத்திரி வரை, வீட்டில் யார் ஒரு நல்ல காரியம் செய்தாலும் ஒரு துரும்பு வைக்கோலை எடுத்துப் பெட்டிக்குள் போடவேண்டும். 24-ஆம் தேதி ராத்திரி அதை எடுத்துக் குடிலில் பரப்பி, அதன்மேல் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கிடத்துவோம். பிள்ளை மெத்தையில் படுக்குமா, பலகையில் படுக்குமா என்பது நம் கையில் இருக்கிறது என்பாள்.

நல்ல காரியம் எது என்பதில்தான் பாட்டி கறார். காலையில் எழுந்து பூசைக்குப் போனேன் என்றால் துரும்பு கிடையாது, அது கடமை. செபமாலை சொன்னதற்குக் கிடையாது. தங்கைக்கு என் பங்கு கருப்பட்டியைக் கொடுத்ததற்கு உண்டு, ஆனால் அதை நான் போய்ச் சொன்னால் கிடையாது. “சொன்னா முடிஞ்சு போச்சு மக்களே. அதுக்குள்ள கூலி உனக்கு அப்பமே கெடச்சாச்சு.” ஆகையால் எங்கள் வீட்டில் யார் எப்போது வைக்கோல் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி விளக்கு அணைந்த பிறகு அடுக்களைப் பக்கமிருந்து ஒரு சரசரப்பு கேட்கும். அவ்வளவுதான்.

ஆகமன காலம் என்பது பாட்டி வாயில் வந்த சொல். இப்போது நாங்கள் திருவருகைக் காலம் என்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம் இது. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டே இதில்தான் தொடங்குகிறது. சாமியார் ஊதா உடுப்பு உடுத்துவார். பீடத்தில் பூ குறையும். வானதூதர்கள் பாடிய அந்த மகிமைப் பாட்டை ஞாயிறு பூசையில் பாடமாட்டோம்; நான்கு வாரம் வாயை அடக்கி வைத்திருந்துவிட்டு, 24-ஆம் தேதி நடுச்சாமத்தில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது பாடுகிற அந்தப் பாட்டு தொண்டையிலிருந்து வராது, வயிற்றிலிருந்து வரும். அந்த நான்கு வாரப் பசி இல்லாதவருக்கு அந்தப் பாட்டின் ருசி தெரிய வழியில்லை.

பசி என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருவேளைச் சாப்பாடு, மாமிசம் இல்லை. 1960-களில் அந்த விதி தளர்ந்துவிட்டது. பாட்டிக்கு அது தளரவில்லை; அன்று மீனையும் விட்டுவிடுவாள். கடற்கரையில் மீன் இல்லாமல் ஒரு நாள் சாப்பிடுவது என்றால் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் அதன் அருமை. மத்தியானம் கஞ்சியும் பயறும். ராத்திரி பூசை முடிந்து வந்த பிறகுதான் வாயில் ஏதாவது. அன்று முழுவதும் அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு இருக்கும். வெளியூர் போன பிள்ளை வருகிற நாளில் ஒரு தாய்க்கு இருக்குமே, அது.

இனி நான் சொல்லப்போவது என் பதினோராவது வயதில் நடந்தது.

பாட்டிக்கு அவளுடைய அண்ணன் மனைவியோடு பேச்சு இல்லை. மைனி என்று கூப்பிடுவாள், அதாவது முன்பு. அதே தெருவில் எட்டாவது வீடு. என்ன சண்டை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. வலை வாங்கக் கொடுத்த பணம் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். மூன்று வருஷமாக இருவரும் ஒரே கிணற்றடியில் முகம் பார்க்காமல் நின்று தண்ணீர் எடுத்தார்கள். கோயிலில் பெண்கள் பக்கத்தில் அந்தத் தூணுக்கு இப்பால் ஒருத்தி, அப்பால் ஒருத்தி.

டிசம்பர் 23. பாவசங்கீர்த்தன நாள். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் இரண்டு சாமியார்கள் வந்திருந்தார்கள். கோயிலுக்குள் மூன்று வரிசை. வரிசை வாசலைத் தாண்டி மணலில் இறங்கிக் கொடிமரம் வரை நின்றது. கடலுக்குப் போகிறவர்கள் தலைமயிரில் உப்போடு நின்றார்கள். நான் பாட்டியின் முண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, எங்களுக்கு முன்னால் மூன்றே பேர் இருக்கும்போது, பாட்டி வரிசையை விட்டு விலகினாள். “வா” என்றாள் என்னிடம். சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “இப்பிடிப் போயி முட்டுக்குத்தப்பிடாது” என்றாள்.

நேரே அந்த எட்டாவது வீட்டுக்குப் போனோம். வாசலில் நிற்காமல் பின்பக்கமாகச் சுற்றி அடுக்களைக்குப் போனாள். மைனிப் பாட்டி அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். புகை. ஓலைச் சருகு நனைந்திருந்தது போல. எங்களைப் பார்த்ததும் ஊதுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. பாட்டி நிலைப்படியில் கையை ஊன்றியபடி நின்றாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். கடவத்தை இறக்கும்போதுகூட நடுங்காத கை.

“அடுப்புல என்ன மைனி?” என்றாள்.

மைனிப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புகைக்குத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. “மரச்சீனிதான். இரி” என்றார். பாட்டி உட்கார்ந்தாள். அடுப்பில் பாதி வெந்திருந்த கிழங்கைக் குச்சியால் குத்திப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வேகணும்” என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றிப் பேசவில்லை. கிழங்கு வெந்ததும் எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வாய் சுட்டது. பிறகு இருவரும் சேர்ந்து கோயிலுக்கு வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்தும் பாராதது போல இருந்தார்கள். அதுவும் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம்தான்.

அன்று ராத்திரி அந்தச் சரசரப்பு நெடுநேரம் கேட்டதாக எனக்கு நினைவு.

பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் உறவாடிவிட்டு வா என்று ஆண்டவர் சொன்னதைப் பிற்பாடு மறைக்கல்வி வகுப்பில் நானே பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். விளக்கும்போதெல்லாம் எனக்கு எருசலேம் ஆலயம் கண்ணில் வந்ததில்லை. புகைந்த அடுப்பும் ஊதுகுழலும்தான் வரும்.

நான் பள்ளி ஆசிரியையானேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி எடுத்தேன். பாட்டி போய்விட்டாள். பெட்டி என்னிடம் வந்தது. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை அது சுரூபத் தட்டுக்குக் கீழே இருந்தது. அவர்கள் படித்து வெளியூர் போனதும் பரணுக்குப் போயிற்று. இதற்கிடையில் எங்கள் கோயிலுக்குள் திருவருகைக் கால மெழுகுதிரி வளையம் வந்தது. பச்சை இலை சுற்றிய வளையத்தில் மூன்று ஊதாத் திரி, ஒரு ரோஜா நிறத் திரி. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். என் சிறுவயதில் இது இல்லை. இதன் கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், யோஹான் விக்கெர்ன் என்ற லூத்தரன் சபை இறையியலாளர், தான் வளர்த்த ஏழைப் பிள்ளைகளுக்காக முதலில் செய்தது இது. “கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ” என்று அவர்கள் நச்சரித்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரியும், மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகளுமாக வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். காத்திருக்கிற பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்ட ஒருவர் செய்த காரியம், உலகம் சுற்றி எங்கள் கடற்கரைக் கோயில் பீடத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் வளையம் வந்த அதே காலத்தில்தான் காத்திருப்பு போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் பிறந்ததும் ஸ்டார், சீரியல் லைட், கேக். இரண்டாவது வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டதாக வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் பவனி. கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்லோரும் அதைக் கொண்டாடிக் களைத்துப் போகிறார்கள். 25-ஆம் தேதி மத்தியானம் ஊரே தூங்குகிறது. இது எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம். பிள்ளைகள் சந்தோஷப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பசித்து உண்ணக் கற்றுக்கொடுக்காமல் விருந்தை மட்டும் கற்றுக்கொடுத்தால், அவர்களுக்குக் கையில் என்ன மிஞ்சும்? அன்பியக் கூட்டத்தில் இதை நான் சொல்லாத வருஷம் இல்லை. காத்திருப்பதைப் பற்றி அழகாகப் பேசுகிறவள் என்று எனக்கு ஒரு பேரும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் 2017 வந்தது.

நவம்பர் 30, வியாழக்கிழமை. மீனவரான அந்திரேயா அப்போஸ்தலரின் திருநாள். விடியும் முன்பே காற்று பிடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் காற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் அன்று பெரியவர்களே பேசாமல் நின்றார்கள். தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, கோயில் கூரை ஓடு பறந்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன. அந்தப் புயலுக்கு ஒக்கி என்று பேர் வைத்திருப்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மரமும் ஓடும் போகட்டும். தங்கல் போனவர்கள் கடலில் இருந்தார்கள். பத்து நாள், இருபது நாள், மாதக் கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரையும் சுறாவும் பிடிக்கிறவர்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலும் ஒருவர் போயிருந்தார். கொச்சியிலிருந்து புறப்பட்ட விசைப்படகில்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த வீட்டோடு எங்களுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. தூரத்துச் சொந்தம்தான். அவர்கள் போட்ட கான்கிரீட் கூரையின் மழைத்தண்ணீர் எங்கள் முற்றத்தில் விழுகிறது என்று தொடங்கியது. வார்த்தை வளர்ந்தது. நான் சொன்ன ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு இரண்டு ஆகமன காலம் வந்து போயிற்று. இரண்டு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டுக்குத்தினேன். காத்திருப்பைப் பற்றியும் வழியைச் செம்மைப்படுத்துவதைப் பற்றியும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் போகவில்லை. போனால் அவர் மனைவி என்ன நினைப்பாள், இப்போது மட்டும் வந்துவிட்டாள் என்று சொல்லமாட்டாளா என்று கூசிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிசம்பர் 2, சனிக்கிழமை அந்தி. நாளை முதல் ஞாயிறு. பாட்டி வைக்கோல் கொண்டுவருகிற நாள். அதை நினைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். கரண்டு இல்லை, அடுக்களை இருட்டாக இருந்தது. அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது மகள் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். என்ன பேசுவது என்று ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது பாட்டியின் சொல்தான்.

“அடுப்புல என்ன மக்களே?”

“அடுப்பு பத்த வைக்கல அக்கா” என்றாள். “மூணு நாளாச்சு.”

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அரிசிப் பானை எங்கே என்று கேட்டேன். சொன்னாள். கஞ்சி வைத்தேன். அந்த நெருப்பு வெளிச்சத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். மழைத்தண்ணீரைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

மறுநாள் டிசம்பர் 3. திருவருகைக் காலம் அதற்குமேல் தள்ளித் தொடங்கவே முடியாது. ஆகவே அதற்கு அந்த வருஷம் 22 நாள்தான். நான் அறிந்ததில் மிக நீண்ட ஆகமன காலமும் அதுதான். டிசம்பர் 3 என்றால் எங்களுக்குச் சவேரியார் நாள் வேறு. 1544-இல் இந்தக் கரையோரமாக நடந்து எங்கள் மூதாதையருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். கோட்டாற்றில் அவர் பெருநாள், மாவட்டத்துக்கே விடுமுறை. 1552-இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், தன்னை ஏற்றிப்போக வரவேண்டிய படகுக்குக் காத்திருந்து, படகு வராமலே செத்துப்போனவர் சவேரியார். எத்தனையோ வருஷம் அவர் பெருநாளுக்குப் போயிருக்கிறேன். அவர் சாவும் ஒரு படகுக்குக் காத்திருந்த சாவுதான் என்று அந்த ஞாயிறுதான் எனக்கு உறைத்தது.

கோயிலில் கரண்டு இல்லை. மைக் இல்லை. வளையத்தின் முதல் திரியைச் சாமியார் ஏற்றினார். மற்ற வருஷங்களில் அது ஒரு அடையாளம். அன்று நிஜமாகவே வெளிச்சத்துக்கு அது வேண்டியிருந்தது. முதல் வாசகம் என் முறை. எசாயா. வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரக்கூடாதா என்று ஆண்டவரிடம் தீர்க்கதரிசி மன்றாடுகிற இடம். முப்பது வருஷமாகக் கோயிலில் வாசிக்கிறவள் நான். அன்று பாதியில் குரல் நின்றுவிட்டது. நற்செய்தியோ, வீட்டு எசமான் எப்போது திரும்புவார் என்று தெரியாததால் கண் விழித்திருக்கச் சொல்கிற பகுதி. அதை அன்றைக்கென்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முறைப்படி அந்த ஆண்டுக்கு வருவது அதுதான். மூன்று ராத்திரியாகக் கண் விழித்திருந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். சாமியார் பிரசங்கம் வைக்கவில்லை. பீடத்திலிருந்து இறங்கிவந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அதைவிட நல்ல பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அடுத்தடுத்த நாள்களில் கோயில் முற்றமே வீடாயிற்று. போனில் சார்ஜ் போட ஜெனரேட்டர், அதைச் சுற்றிப் பெண்கள். லட்சத்தீவில் கரையேறியவர்கள் பட்டியல், கோவாவில், மகாராஷ்டிரத்தில், குஜராத்தில் ஒதுங்கிய படகுகள் பட்டியல். வாட்ஸ்அப்பில் ஒரு பேர் வந்தால் ஒரு வீட்டில் அழுகை மாறும். அடுத்த வீட்டில் அதே அழுகை நிற்காது. 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், தேடிக் கொண்டுவந்து தாருங்கள் என்று. எங்கள் தெருவில் போனவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கால் வீங்கி, உதடு வெடித்து, பேச்சு இல்லாமல் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை.

அவர் மனைவி தினமும் கோயில் முற்றத்துக்குப் போக, மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. பிள்ளையின் கையில் எதையாவது கொடுக்கவேண்டுமே என்று பரணிலிருந்து அந்தத் தேயிலைப் பெட்டியை இறக்கினேன். பால்காரரிடம் சொல்லிக் கொஞ்சம் வைக்கோல் வாங்கினேன். நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு துரும்பு, யாருக்கும் சொல்லப்பிடாது என்று பாட்டி சொன்னது போலவே சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில்,

“எத்தனை வச்சா வருவாவ, பெரியம்மா?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அப்பா, மாமா, பெரியவர்களைத்தான் ‘வருவாவ’ என்போம். குடிலில் கிடக்கிற பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லமாட்டோம். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தலையைத் தடவி ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. “தெரியாது மக்களே” என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு துரும்பை எடுத்துப் பெட்டியின் நடுவில், நேராக, நீளவாக்கில் வைத்தாள். ஒரு பெரிய ஆள் படுக்கிற வாக்கில்.

டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று பேர்; ரோஜா நிறத் திரி ஏற்றுகிற நாள். அன்றிலிருந்து 23 வரை ஏழு நாள் திருச்சபை மாலைச் செபத்தில் ஆண்டவரை ஏழு பேர் சொல்லி, வாரும் என்று கூப்பிடும். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இந்த ஏழு பேர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டி வாசித்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும். நாளை இருப்பேன் என்று பொருள். ஒவ்வொரு வருஷமும் இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வேன். அவர்கள் முகத்தில் வருகிற வியப்பைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஞாயிறு சாக்பீஸை எடுத்தேன். முன்பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போல இன்னும் நாலு பிள்ளைகள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அன்று எல்லோருமாக வெளியே போய்ச் சாய்ந்து கிடந்த வேலியை நிமிர்த்திக் கட்டினோம்.

நான் அதுவரை காத்திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு நிச்சயம் இருந்தது. 25-ஆம் தேதி வந்தே தீரும். காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறது. வரும் என்று தெரிந்த ஒன்றுக்குக் காத்திருப்பதில் என்ன பெரிய விசுவாசம்? பக்கத்து வீட்டுக்காரியோ எதுவும் தெரியாமல், தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பூசைக்கு வந்து என் பக்கத்தில் முட்டுக்குத்தினாள். அவள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. நான்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷம் நான்காம் ஞாயிறும் 24-ஆம் தேதியும் ஒரே நாள். காலையில் நான்காவது திரி, ராத்திரியில் பிறப்புப் பூசை. ஊரில் ஒரு வீட்டிலும் ஸ்டார் போடவில்லை. வெடி இல்லை, பேண்டு இல்லை, புதுத்துணி இல்லை. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்த பிறகும் நாங்கள் அப்படி ஒரு ராத்திரியைப் பார்த்ததில்லை. அந்த வருஷமாவது கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. நான் அன்று பாட்டியின் ஒருசந்தி பிடித்தேன். என் பக்கத்து வீட்டுக்காரியும் பிடித்தாள். கஞ்சியும் பயறும் எங்கள் வீட்டில்.

குடிலில் வைக்க வைக்கோல் வேண்டும் என்று உபதேசியார் கேட்டபோது, அந்தச் சிறுமி தேயிலைப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். 41 துரும்பு என்று எண்ணி வைத்திருந்தாள். குடிலுக்கு அது போதாது. உபதேசியார் வேறு வைக்கோலைத் தேடவில்லை. அந்த 41 துரும்பின்மேல் சாமியார் சுரூபத்தைக் கிடத்தினார். மகிமைப் பாட்டைத் தொடங்கினோம். முதல் வரியைப் பாதிப் பேர்தான் பாடினார்கள். பிறகு மெல்ல மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அவர் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

பூசைக்கு மறுநாள் காலை அந்தச் சிறுமி வெறும் பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து சுரூபத் தட்டுக்குக் கீழே வைத்தாள். “இது இனி இங்கயே இரிக்கட்டும் பெரியம்மா” என்றாள். அங்கேதான் இருக்கிறது. பரணுக்கு ஏற்றவில்லை. அவள் இப்போது வளர்ந்துவிட்டாள். முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் திங்கள்சந்தைப் பக்கம் பஸ்ஸில் போய் வைக்கோல் வாங்கிவருவது அவள் வேலை. யார் எத்தனை போடுகிறோம் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

இதை வாசிக்கிற உங்களிடம் எனக்குக் கேட்க ஒன்று உண்டு. ஸ்டார் வாங்குங்கள், குடில் கட்டுங்கள், கேக்குக்குச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் தெருவில் நீங்கள் வாசல் மிதிக்காத வீடு ஒன்று இருந்தால், 24-ஆம் தேதிக்கு முன் பின்பக்கமாகச் சுற்றியாவது போய்விட்டு வாருங்கள். அடுப்பில் என்ன என்று கேளுங்கள். அடுப்பு எரியவில்லை என்றால் பற்றவையுங்கள்.